மூன்றாவது கடிகாரம்

மாதேஸ்வரி இணையத்தில் எழுதிய வரி பதினோரு நிமிடம்தான் நின்றது. 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.42க்கு எழுதினாள். 7.53க்கு அது இல்லை. 'மெட்ரோ வெறியன் 07' என்ற பெயர்கொண்ட ஒருவன் அழித்திருந்தான். காரணமும் எழுதியிருந்தான்: "ஆதாரம் இல்லை. விதி 1."

விதி 1ஐ எழுதியவளே மாதேஸ்வரிதான்.

அழிக்கப்பட்ட வரி இது: "11.2.2024 அன்று ஆவாரங்குட்டை எருது விடும் விழாவில் இந்த மாடு மோதி, கடிகாரம் பிடித்திருந்த மணிகண்டன் (27) இறந்தார்." மணிகண்டன் அவளுடைய தம்பி. ஒரே தம்பி.

அடுப்பில் இட்லிப் பானை தண்ணீர் வற்றித் தீய்ந்த நாற்றம் வந்தபிறகுதான் அவளுக்குத் தான் நிற்கும் இடம் நினைவுக்கு வந்தது. ஒசூர் மூக்கண்டப்பள்ளியில் இரண்டாவது மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. கணவன் செல்வம் இரவுப் பணி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பவில்லை. எழுப்பி என்ன சொல்வது? என் தம்பியை இரண்டாம் முறை கொன்றுவிட்டார்கள், அதுவும் என் விதியைக் கொண்டே என்றா?

கிருஷ்ணகிரிப் பக்கம் தை பிறந்தால் மாடு ஓடும். மாட்டைப் பிடித்து அடக்குகிற வேலை இங்கே இல்லை. வாடியில் அவிழ்த்துவிட்ட மாடு, இரண்டு பக்கமும் மூங்கில் வேலி கட்டிய பாதையில் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். குறைந்த நேரத்தில் தாண்டிய மாட்டுக்குப் பரிசு. பரிசைவிடப் பெயர் பெரிது. ஒரு மாட்டை இன்ஸ்டாகிராமில் எண்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். இன்னொரு மாட்டை ஒன்றேகால் லட்சம் பேர். பர்கூரிலிருந்து ஆனேக்கல் வரை கார்க் கண்ணாடியில் மாட்டின் முகம். மாட்டின் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டிக் கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் ஊருக்கொரு பொய். எட்டரை நொடி என்பான் ஒருவன், எட்டு என்பான் அடுத்தவன். எத்தனை அடிப் பாதை என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

இந்தப் பொய்கள் மாதேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. அவள் ஒசூரில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். டிப்ளமோ முடித்து 2009இல் சேர்ந்தவள். பத்து மைக்ரானுக்கு மேல் பிசகிய சக்கரத்துக்குச் சிவப்பு பூசித் தனிப் பெட்டியில் போடுவது அவள் வேலை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றாலும், சூப்பர்வைசர் கெஞ்சினாலும், பூசிய சிவப்பை அவள் அழித்ததில்லை. அவள் பிறந்தது ஆவாரங்குட்டையில். அப்பா கோவிந்தப்பன் இரண்டு ஏக்கர் மானாவாரியும் ஏழு மாமரமும் உள்ளவர். மாடு என்றால் வீட்டில் எல்லோருக்கும் உயிர், அவளுக்கும்தான். ஆனால் பெண்பிள்ளை கோட்டருகே நிற்க முடியாது. தூரத்தில் மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே 2018 ஜூன் 3ஆம் தேதி 'ஓட்டப்பதிவு' என்ற இணையதளத்தைத் தொடங்கினாள். விக்கி முறையில் அமைந்தது. மாட்டுக்கு ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்பது 'வரலாறு' என்ற பகுதியில் அழியாமல் நிற்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் சண்டை போட்டுக்கொள்ள ஒரு பேச்சுப் பக்கம். அவள் வைத்துக்கொண்ட பெயர் 'மைக்ரான்'. எல்லோரும் ஆண் என்றே நினைத்தார்கள். "மைக்ரான் அண்ணா" என்று எழுதுவார்கள். அவள் திருத்தவில்லை. அக்கா என்று தெரிந்தால் பாதிப் பேர் விதியை மதிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

விதிகள் கறாரானவை. ஆதாரம் இல்லாத வரி நிற்காது. சொந்தக் குறிப்பு ஆதாரம் ஆகாது. 'சுமார்' என்ற சொல் எந்தப் பக்கத்திலும் வரக் கூடாது. பாதை எஃகு நாடாவால் அளந்த 120 மீட்டராக இருக்க வேண்டும். கோட்டில் மூன்று பேர் மூன்று கடிகாரத்துடன் நிற்க வேண்டும். மூன்று நேரத்தையும் எழுதி நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சாதனைப் பட்டியலில் ஏற்றக் கூடாது. இது விதி 4. கடிகாரம் பிடிப்பவர், மாட்டை அவிழ்த்ததற்கு அடையாளமாக வாடியில் வெள்ளைத் துண்டு இறங்கியதும் கடிகாரத்தை அமுக்கிவிட்டு, மாடு தாண்டும்வரை கோட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இது விதி 5.

"நீ விதி எழுதுக்கா. நான் போய் அமுக்கறேன்" என்றான் மணிகண்டன். ஒரே நாளில் வாங்கிய மூன்று கடிகாரங்களின் முதுகில் அவள் 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுத்தாள். மூன்றாவது அவனுடையது; மற்ற இரண்டையும் அந்தந்த ஊர்க்காரர்கள் பிடிப்பார்கள். ஆறு பருவம், நூற்று எட்டு விழா. ஆறு வருடத்தில் 1,146 மாடுகளுக்குப் பக்கம் எழுதப்பட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் நேரச் சண்டை வந்தால் போனை எடுத்து 'ஓட்டப்பதிவு' பார்த்து முடித்துக்கொண்டார்கள். அத்தனை மதிப்பு.

2024 பிப்ரவரி 11. ஞாயிறு என்றாலும் அவளுக்கு ஓவர்டைம். பிற்பகல் 1.10க்கு அப்பாவின் போனிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். அவள் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. தம்பியின் மூச்சைச் சொல்லவில்லை. அது முன்பே முடிந்துவிட்டது. முடிந்திருந்தது காகித வேலை.

விழாக் குழுத் தலைவர் சிவராஜ் அப்பாவின் தோளில் கைபோட்டு நின்றிருந்தார். 'ஆவாரங்குட்டை மெட்ரோ' என்ற மாடு அவருடையது. மணிகண்டனைத் தூக்கி எறிந்ததும் அந்த மாடுதான். அவள் வருவதற்குமுன் அவர் அப்பாவிடம் சொன்னது இது:

"மாமா, மாடு முட்டிச்சுன்னு எழுதினா அடுத்த வருசம் பர்மிசன் இல்ல. அம்பது வருசமா ஓடுது நம்மூர்ல. மணியால நின்னு போச்சுன்னு நாளைக்கு எவனும் வாய் தொறக்கக் கூடாதுல்ல? வண்டில போய் வுழுந்துட்டான்னு எழுதிக்கலாம்."

கோவிந்தப்பன் கையெழுத்துப் போட்டார். காசுக்காக அல்ல; யாரும் கொடுக்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. செத்த மகன் பெயருக்கு, ஊர் விழாவை நிறுத்தியவன் என்ற பழி வரக் கூடாது என்று போட்டார். வெளியூர்க்காரனுக்கு இது விளங்காது. விளங்கத் தேவையும் இல்லை. மணிகண்டனின் வண்டியைக் கொண்டுபோய், முன் மட்கார்டைக் கல்லால் நசுக்கி, நெடுஞ்சாலைப் பாலத்தடியில் சாய்த்துவைத்தார்கள். முதல் தகவல் அறிக்கையில் "காலை 10.50 மணிக்குத் தானாக நிலைதடுமாறி" என்று எழுதப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் முழு ஆளையே மறைத்தார்கள்.

மாலையில் மருத்துவமனை ஊழியர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். பர்ஸ், வண்டிச் சாவி, இடுப்பு பெல்ட், உடைந்த போன். அடியில் மூன்றாம் எண் கடிகாரம். அது ஓடிக்கொண்டிருந்தது.

அமுக்கியவன் நிறுத்தவில்லை.

அழுதுகொண்டேதான் அவள் அதைச் செய்தாள். தன் போனில் மணி 6.34.00 ஆகும்வரை காத்திருந்தாள். ஆன நொடியில் கடிகாரத்தைப் படித்தாள்: 7 மணி, 11 நிமிடம், 20 நொடி. கைப்பையில் இருந்த கம்பெனி நோட்டில் இரண்டையும் எழுதிக் கழித்துப் பார்த்தாள். 11.22.40. காலை 11 மணி 22 நிமிடம் 40 நொடிக்கு அவன் வாடியில் துண்டு இறங்குவதைப் பார்த்து அமுக்கியிருக்கிறான். 10.50க்குப் பாலத்தடியில் விழுந்தவன் 11.22க்கு எப்படிக் கடிகாரத்தை அமுக்கினான்?

நோட்டை அப்பாவிடம் நீட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"போட்டாச்சு பாப்பா. வுடு."

"பொய்ப்பா இது."

"பொய்தான். ஊருக்காகச் சொன்ன பொய். வுடுன்னா வுடு."

விட்டாள். பதினோரு மாதம் 'ஓட்டப்பதிவு' பக்கமே போகவில்லை. உடன் நிர்வாகியான ராஜேஷ்குமார்தான் தளத்தைப் பார்த்துக்கொண்டான். சாத்தூர்க்காரன், பக்கத்துக் கம்பெனியில் டூல் ரூமில் வேலை. மைக்ரான் பெண் என்று தளத்தில் தெரிந்த ஒரே ஆள்.

அந்தப் பதினோரு மாதத்தில் மெட்ரோ தெய்வம் ஆகிவிட்டது. 'மெட்ரோ வெறியர்கள்' பக்கத்துக்கு இரண்டு லட்சம் பேர். விழா அன்று எடுத்த வீடியோவை மாடு கோட்டைத் தொடும் நொடியோடு வெட்டி, பாட்டு சேர்த்து, "8.94! மாவட்டச் சாதனை!" என்று போட்டிருந்தார்கள். சட்டையில் 8.94. ஆட்டோ முதுகில் 8.94. 2025 பொங்கலுக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது ஊர் நுழைவாயிலில் முப்பதடிப் பேனர்: "8.94. ஓராண்டு ஆகியும் அசைக்க ஆளில்லை." பேனரின் கால் நட்டிருந்த இடத்திலிருந்து அவன் விழுந்த இடம் நாற்பது அடிகூட இருக்காது.

அதைப் பார்த்துவிட்டு ஒசூர் திரும்பித்தான் அந்த வரியை எழுதினாள். பதினோரு நிமிடத்தில் அழித்தான் 'வெறியன் 07'. மறுபடி எழுதினாள், இம்முறை நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து ஆதாரமாக வைத்தாள். அதை அழித்தவன் ராஜேஷ்குமார். அழித்த கையோடு போனும் செய்தான்.

"யக்கா, கோவப்படாதீக."

"நீயாடா அழிச்ச?"

"சொந்தக் குறிப்பு ஆதாரம் ஆவாதுன்னு எழுதுனது யாரு? நீங்கதான. மணி எனக்கும் தம்பி மாரிதான். ஆனா போலீஸ் காயிதம் ஒண்ணு சொல்லுது, உங்க நோட்டு ஒண்ணு சொல்லுது. எதக்கா நான் வைக்கது?"

"பொய்ய வெப்பியா?"

"நான் எதையும் வைக்கலயே. தூக்கத்தான செஞ்சேன். அன்னைக்கு அந்தக் கல்லாவிக்கார அம்மா எழுதுனதையும் நீங்க இப்படித்தானக்கா தூக்குனீக."

அவள் போனை வைத்துவிட்டாள். கல்லாவி அம்மாவா? நினைவில்லை. வரலாற்றுப் பகுதியில் தேடினாள். இருந்தது. 2022 மார்ச் 6, 8, 13 ஆகிய தேதிகளில் வேறொரு மாட்டின் பக்கத்தில் ஒரே வரி மூன்று முறை எழுதப்பட்டிருந்தது, முற்றுப்புள்ளி கமா எதுவும் இல்லாமல்: "இந்த மாடு தான் என் மகன் மதுரைவீரனை குத்தி கொன்னது நான் அவனை பெத்தவள் கல்லாவி வெள்ளையம்மா." மூன்று முறையும் அழித்தது மைக்ரான். முதல் இரண்டுக்கும் காரணம்: "ஆதாரம் இல்லை." மூன்றாவதற்கு: "விஷமத்தனம். கணக்கு முடக்கப்படுகிறது." அழிக்க எடுத்துக்கொண்ட நேரம் முறையே ஆறு, நான்கு, இரண்டு நிமிடம். வெறியன் 07ஐவிட வேகம்.

அதுவரை ஊர்மீதும் சிவராஜ்மீதும் இருந்த கோபம் முதன்முதலாகத் திரும்பி அவளையே பார்த்தது. அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் அவளிடம் யாரும் வாய்கொடுக்கவில்லை. நாற்பத்திரண்டு சக்கரத்துக்குச் சிவப்பு பூசினாள். அத்தனையும் நியாயமான சிவப்புதான், அளந்துதான் பூசினாள்.

ஜனவரி 25, சனிக்கிழமை மாலை மெட்ரோவின் பக்கத்தைத் திறந்து ஓட்ட அட்டவணையைப் பார்த்தாள். இவ்வளவு நாள் பார்க்கத் துணியாத அட்டவணை. கடிகாரம் 1: 8.91. கடிகாரம் 2: 8.94. கடிகாரம் 3: ஒன்றுமில்லை. வெறும் கட்டம். துக்க வீட்டில் அவள் கிடந்த நாளில் ரசிகன் எவனோ இரண்டு நேரத்தில் மெதுவானதை வைத்துச் சாதனை ஏற்றியிருக்கிறான், ராஜேஷ்குமாரும் கவனிக்கவில்லை.

விதி 4.

சாதனைப் பட்டியலிலிருந்து 8.94ஐ நீக்கினாள். மாவட்டச் சாதனை பழையபடி 9.02 ஆனது, வேறு ஊர் மாட்டுக்கு. காரணம் என்ற இடத்தில் ஒரே கேள்வி எழுதினாள்: "மூன்றாவது கடிகாரத்தின் நேரம் எங்கே?"

அவள் எந்தத் திட்டமும் போட்டு இதைச் செய்யவில்லை. அவன் பெயர் ஏறாத இடத்தில் அந்த எண்ணும் ஏறி நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் எண்ணம்.

மறுநாள் குடியரசு தினம், ஞாயிறும்கூட. ஊரே போனும் கையுமாக இருந்தது. காலை ஒன்பதுக்குள் பேச்சுப் பக்கத்தில் முந்நூற்று நாற்பது பதிவு.

"மைக்ரான் அண்ணா, என்னா வயித்தெரிச்சலா?"

"எந்த மாட்டுக்காரன்ட்ட பிரியாணி துன்னீங்க?"

"ரெண்டு வாட்ச் பத்தாதா? ஒலிம்பிக்கா நடத்தறீங்க?"

ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரே பதில் எழுதினாள்: "மூன்றாவது எங்கே?" 9.20க்கு ஒருவன் பொறுமையிழந்தான்.

"யோவ், மூணாவது வாட்ச் புடிச்சவன மாடு தூக்கி அடிச்சிடுச்சுய்யா. அவன் எப்பிடி அமுக்குவான்? அதுக்கு மாட்ட எதுக்குத் தண்டிக்கற?"

அவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு எழுதினாள்: "யார் அவர்? பார்த்தவர் யார்?"

அணை உடைந்தது. மாட்டின் மானத்தைக் காப்பாற்ற ஒருவன் பின் ஒருவனாக ஓடிவந்தான். "நான் வேலி மேல ஒக்காந்துனு இருந்தேன், கண்ணால பாத்தேன். லோக்கல் பையன், மணின்னு பேரு." "தாண்டறப்பவே அடிச்சுது, ஆனா தாண்டிடுச்சு, அதான் பாயிண்ட்." "ஆளு அங்கியே காலி. ஆனா 8.94 உண்மை, எங்க மாடு மேல சத்தியம்." ஆனேக்கல்காரன் ஒருவன் கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினான்: "நானே நோடிதே, வாச் ஹிட்கொண்டித்தவனிகே ஹோரி ஹொடீத்து." கடிகாரம் வைத்திருந்தவனை மாடு அடித்ததை நானே பார்த்தேன் என்று பொருள். பாலத்தடி, 10.50, நிலைதடுமாறியது எதுவும் அவர்களில் ஒருவனுக்கும் நினைவில்லை. ஒரு வருடம் கட்டிக்காத்த பொய்யை, ஒரு எண்ணுக்காக, ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு பேர் உடைத்தார்கள். அண்ணன் தம்பி செத்ததற்கு வராத ரோஷம், மூன்று இலக்கத்துக்கு வந்தது.

10.31க்குப் பிரகாஷ் என்பவன் வெட்டாத வீடியோவையே ஏற்றினான். சிவராஜின் அக்கா மகன். நாற்பத்தொரு நொடி. "இந்தா பாத்துக்க. எண்ணிக்க. 8.94 கரெட்டா இல்லியா?"

மாதேஸ்வரி முதலில் அதை மூன்று இடத்தில் சேமித்தாள். பிறகுதான் பார்த்தாள். மாடு வருகிறது. வேலி வருகிறது. கோட்டுக்கு முன்னால் கடைசிப் பதினைந்தடிக்கு வேலி இல்லை. மூங்கிலைப் பிரித்து ஓரமாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் 'மெட்ரோ வெறியர்கள்' பனியன் போட்ட இரண்டு பேர் கேமராவைக் கால் நட்டு வைத்திருக்கிறார்கள். மாடு கோட்டைத் தாண்டும்போதே கேமராவைக் கண்டு மிரள்கிறது, பக்கவாட்டில் திரும்புகிறது. கேமராக்காரர்கள் குதித்துவிட்டார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருவன் குதிக்கவில்லை. அவன் குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். விதி 5.

11.05க்கு வீடியோ நீக்கப்பட்டது. 11.30க்குப் புதிய எண்ணிலிருந்து போன். எண்ணைக் கொடுத்தது ராஜேஷ்குமார்; "நிர்வாகிட்டயே பேசுங்க" என்று சொல்லியிருக்கிறான்.

"அண்ணன்ட்ட குடும்மா" என்றார் சிவராஜ்.

"எந்த அண்ணன்?"

"மைக்ரான் அண்ணன்தாம்மா."

"நான்தான்."

"நீ... யாரு பாப்பா?"

"கோவிந்தப்பன் பொண்ணு. மணி அக்கா."

"அட. நம்ம மாதேஸ்வரியா." குரல் தேனானது. "என்னம்மா இது, ஊரு விசயத்த ஊர்ல பேசிக்கலாம்ல. ஒங்கப்பாதான் கையெழுத்துப் போட்டாரு. இப்ப நீ கெளப்பினா பொய்யா எழுதிக் குடுத்தாருன்னு அவரத்தான் புடிப்பாங்க. வயசான காலத்துல தேவையா?"

"வேலியப் பிரிச்சது யாரு?"

"எந்த வேலி?"

"கடைசி பதினஞ்சு அடி. கேமராவுக்கு மறைக்குதுன்னு பிரிக்கச் சொன்னது யாரு?"

சிவராஜ் போனை வைத்துவிட்டார். அந்த வருடம் அதற்கு மேல் அவர் அவளிடம் பேசவில்லை.

அப்பாவிடம் அவளே பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள், சிவராஜின் மிரட்டல் உட்பட. அவர் கேட்டார்:

"அந்த வீடியோல அவன் தெரியறானா?"

"தெரியறான்பா."

"என்னா பண்ணினு இருக்கான்?"

"கோட்டப் பாத்துனு இருக்கான். மாட்டப் பாக்கல."

"அவன் வேலைய அவன் பாத்திருக்கான். கையெழுத்து என்னுது. அதுக்கு நான் போய் நின்னுக்கறேன். நீ எழுதறத எழுது."

அன்று மாலை வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினாள். ஒரு நொடிக்கு முப்பது படம். துண்டு இறங்கியதிலிருந்து மாடு கோட்டைத் தொடும்வரை 268 படம். 8.93 நொடி. கடிகாரம் 1க்கும் கடிகாரம் 2க்கும் நடுவில், 8.94க்கு ஒரு படம்கூட விலகாமல். ஆகவே அந்த நேரம் மெய். மெய்யான நேரத்தை மறுக்க அவளுக்கு உரிமை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு 8.94ஐப் பட்டியலில் திரும்ப ஏற்றினாள். மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்: "நிறுத்தப்படவில்லை. கடிகாரம் பிடித்திருந்த மணிகண்டன் (27) இந்த ஓட்டத்தில் இந்த மாடு மோதி இறந்தார். கடைசி 15 அடிக்கு வேலி இல்லை. ஆதாரம்: வெட்டாத வீடியோ, முப்பத்தொரு நேரடிச் சாட்சிகள்." கீழே ஒரு குறிப்பு: மூன்றாவது நேரம் இல்லாததற்குக் காரணம் பதிவாகியிருப்பதால் மட்டுமே இந்தச் சாதனை ஏற்கப்படுகிறது.

வெறியர்கள் பட்டாசு வெடித்தார்கள். அவர்களுக்கு எண் திரும்பி வந்தது போதும். பிறகுதான் குறிப்பைப் படித்திருக்க வேண்டும். அந்த வரியை அழித்தால் சாதனை விழும். இன்றுவரை அவர்களில் எவனும் அதைத் தொடவில்லை. வேறு ஊர்க்காரன் வந்து விளையாட்டாக அழித்தால் வெறியன் 07 ஐந்தே நிமிடத்தில் திருப்பி வைக்கிறான். மணிகண்டன் பெயருக்கு அவன்தான் காவல்.

இதைக் கண்டு மாதேஸ்வரி சிரிக்கவில்லை. ஆறுதலும் கொள்ளவில்லை. அவளுக்கு இன்னொரு வரி பாக்கி இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு. கிருஷ்ணகிரியில் ஒரு பஸ், ஊத்தங்கரையில் ஒரு பஸ் என மாறிக் கல்லாவியில் இறங்கும்போது மணி 10.25. சந்தைப் பக்கம் விசாரித்ததில் இரண்டாவது ஆளே வீட்டைக் காட்டினார். வெள்ளையம்மா வாசலில் சாக்கு விரித்து, மரச்சுத்தியால் கல்மேல் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"யாரு?"

"ஒசூர்ல இருந்து வரேம்மா. மூணு வருசம் முன்னாடி மாட்டுப் பக்கத்துல நீங்க ஒரு வரி எழுதினீங்க."

"நானெங்க எழுதினேன்? எனக்கு எழுதத் தெரியாது. போன்ல பேசினேன், அதுவே எழுதிக்கிச்சு. மூணு தபா பேசினேன். மூணு தபாவும் எவனோ மைக்ரானாம், அழிச்சுட்டான். அவன் கையில புத்து வெக்க."

"அது நான்தாம்மா."

சுத்தி நின்றது. வெள்ளையம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொம்பளயா நீ?"

"ஆமாம்மா."

"எதுக்கு அழிச்ச?"

"ஆதாரம் இல்லன்னு."

"பெத்தவ சொன்னா ஆதாரம் இல்லியா? கொடல அள்ளி உள்ள வெச்சுக் கட்டினவம்மா நான். அதுக்கு மேல என்னாடி ஆதாரம் வேணும் உனக்கு?"

மாதேஸ்வரி நின்றுகொண்டே இருந்தாள்.

"இப்ப எதுக்கு வந்த?"

"என் தம்பியும் அப்பிடித்தான் செத்தான்."

"ஓஹோ." வெள்ளையம்மா ஒரு புளியை எடுத்து ஓங்கித் தட்டினாள். கொட்டை தெறித்துத் தெருவில் போய் விழுந்தது. "உன் வூட்ல எழவு வுழுந்தாத்தான் என் வூட்டு எழவு உன் கண்ணுக்குத் தெரியுதா?"

மாதேஸ்வரி மண்ணில் உட்கார்ந்தாள். போனை எடுத்து, முடக்கிவைத்திருந்த கணக்கை விடுவித்தாள். அந்த மாட்டின் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பத்துப் பதினைந்து புளி ஆனபிறகு வெள்ளையம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"எழுது. நான் சொல்றேன்."

சொன்னாள். ஊர் பெயர், மாட்டுக்காரன் பெயர், மகன் போட்டிருந்த சட்டையின் நிறம். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு முடிந்து இரண்டு மாதம்.

"காலைல பத்து மணி இருக்கும்" என்றாள்.

பதினைந்து வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "பத்துன்னா... பத்து அஞ்சா, பத்து பத்தாம்மா?"

வெள்ளையம்மா சுத்தியோடு நிமிர்ந்தாள். "ஏண்டி, எம்மவன் சாவறப்ப கடிகாரம் வெச்சுனா பாத்துனு இருந்தேன்?"

மாதேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, ஆறரை வருடத்தில் அந்தத் தளத்தில் அவள் ஒருநாளும் எழுதாத சொல்லை, எழுதிய எவரையும் விட்டுவைக்காத சொல்லை, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள்: "காலை சுமார் பத்து மணி. சொன்னவர்: தாய் வெள்ளையம்மா, கல்லாவி."

"படி."

படித்தாள்.

"இன்னொருக்கா படி."

படித்தாள்.

"எவனாவது அழிச்சா?"

"திரும்ப எழுதறேம்மா."

"மூணு தபா அழிச்சா?"

"நாலாந்தபா எழுதறேன்."

வெள்ளையம்மா தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. அடுத்த புளியை எடுத்துக் கல்மேல் வைத்தாள். மாதேஸ்வரி 'சேமி' என்பதை அமுக்கினாள். மணி 11.48.